ரோமிலிருந்து ஒரு நாள்: ஒர்வியேட்டோ பாறையின் மேலே, உள்ளே, சுற்றி

ரோமில் நாலைந்து நாள் தங்குபவர்கள் ஒரு நாளை வெளியூருக்கு ஒதுக்குவதாக இருந்தால் நான் சொல்வது ஒர்வியேட்டோ. உம்பிரியா மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், தட்டையான ஒரு பாறையின் உச்சியில் இருக்கும் பழைய ஊர். கார் தேவையில்லை, காலை ரயிலில் போய் இரவு உணவுக்கு ரோம் திரும்பிவிடலாம்.

பெரும்பாலானவர்கள் நேராகப் பேராலயத்துக்குப் போய், முன்னால் நின்று படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அது பாதி ஒர்வியேட்டோதான். இந்த ஊரின் கதையே அது உட்கார்ந்திருக்கும் கல்லில் இருக்கிறது. சுமார் 3,30,000 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து தென்மேற்கே இருந்த வுல்சினி எரிமலைகள் வெடித்தன. அப்போது பரவிய சாம்பலும் நுரைக்கல்லும் இறுகி உருவான கல்லைத்தான் இத்தாலியர்கள் தூஃபோ என்கிறார்கள். அரிவாளும் உளியும் எளிதில் இறங்கும் அளவுக்கு மென்மை, வீடு கட்டத் தாங்கும் அளவுக்கு உறுதி. அதன் அடியில் இருப்பது களிமண். மேலே கல், கீழே களி என்ற இந்த அமைப்பை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்று பார்க்கப்போகும் எல்லாம் அதிலிருந்தே விளங்கும். அதனால் என் திட்டத்தில் பாறைக்குள் இறங்குவதும் உண்டு, அதைச் சுற்றி நடப்பதும் உண்டு.

எப்போது போகலாம்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். மே மாதக் கடைசியில் பாறையின் சரிவுகளில் மஞ்சள் நிற ஜினெஸ்த்ரா புதர்கள் பூத்துக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கிழமை என்று பார்த்தால் வியாழனும் சனியும் நல்லது. அன்று காலை போப்பொலோ சதுக்கத்தில் சந்தை கூடும். ஞாயிறு எனக்குப் பிடிக்காத நாள். காலையில் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்கப் பெரும்பாலும் பிற்பகலில்தான் விடுவார்கள். கடைசியில் சொல்லப்போகும் பக்கத்து ஊரான சிவிதாவுக்குப் போகும் பேருந்தும் அன்று ஓடாது.

ரயில்

ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ரெஜியோனாலே வெலோச்சே என்ற வகை ரயிலைப் பிடியுங்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஃபுளோரன்ஸ் போகும் வண்டிகள் பல இந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் அதிவேக ஃப்ரெச்சாரோஸ்ஸா இங்கே நிற்காது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. பலகையில் ஃபுளோரன்ஸ் என்று பார்த்ததும் ஏறிவிடாதீர்கள், ஒர்வியேட்டோவில் நிறுத்தம் உண்டா என்று பாருங்கள். ரெஜியோனாலே கட்டணம் முன்பதிவு செய்தாலும் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஒன்றே, அதனால் அவசரப்பட்டு வாங்கிவைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடை அருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். செல்பேசியில் வாங்கினால் ஏறும் நேரத்தில் செயலியிலேயே 'செக்-இன்' பொத்தானை அழுத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சீட்டுதானே என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை, அபராதம் அபராதம்தான்.

எட்டு மணியை ஒட்டிய வண்டியில் கிளம்பினால் ஒன்பதரைக்குள் கீழே இருக்கும் நிலையத்தில் இறங்கிவிடலாம். வண்டி நெருங்கும்போதே சமவெளியில் செங்குத்தாக எழும் பழுப்புப் பாறை கண்ணில் படும்.

மேலே ஏறுவது

நிலைய வாசலுக்கு எதிரிலேயே ஃபுனிகோலாரே. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே மாதிரி கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று ஏற ஒன்று இறங்கும். 1888இல் தொடங்கியபோது இது தண்ணீரால் ஓடியது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீர் நிரப்புவார்கள், அந்த எடை இறங்கும்போது கீழ்ப்பெட்டியை இழுத்துக்கொண்டுவரும். 1970இல் நின்றுபோய், 1990இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில நிமிடப் பயணம்தான், கடைசியில் கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் வழியாகப் போய் காஹென் சதுக்கத்தில் விடும்.

ஊருக்குள் போகும் சிற்றுந்து அங்கே தயாராக நிற்கும், எல்லோரும் அதில் ஓடி ஏறுவார்கள். நீங்கள் ஏறாதீர்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் சதுக்கத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் நிறுத்தம்: புனித பேட்ரிக் கிணறு

1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. போப் ஏழாம் கிளமென்ட் மாதக்கணக்கில் சாந்தாஞ்சலோ கோட்டையில் சிக்கிக் கிடந்து, அந்த ஆண்டின் இறுதியில் தப்பி ஒர்வியேட்டோவுக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மணமுறிவு வழக்குக்காகத் தூதர்கள் அவரைத் தேடி வந்ததும் இந்த ஊருக்குத்தான். பாறை மேல் இருக்கும் ஊரை எதிரி எளிதில் பிடிக்க முடியாது. ஆனால் முற்றுகையிட்டுத் தண்ணீரை மறித்துவிட்டால்? அந்தப் பயத்தில் பிறந்தது இந்தக் கிணறு. வடிவமைத்தவர் இளைய அந்தோனியோ தா சங்கால்லோ. வேலை முடிந்தது 1537இல், அதற்குள் கிளமென்ட் இறந்து மூன்றாம் பால் போப்பாகியிருந்தார்.

ஆழம் சுமார் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். கிணற்றைச் சுற்றிச் சுருளாக இறங்குவது ஒரு படிக்கட்டு அல்ல, ஒன்றையொன்று தொடாத இரண்டு. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி, அடியில் இருக்கும் சிறு பாலத்தைக் கடந்து, மற்றொன்றில் ஏறி வெளியேறும். எதிரெதிரே முட்டிக்கொள்ள வழியே இல்லை. ஒவ்வொன்றிலும் 248 படிகள், விலங்குகளுக்கானவை என்பதால் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும். உள்சுவரில் மொத்தம் 70 சாளரங்கள், வெளிச்சம் மேலிருந்து அவை வழியாகத்தான் படிக்கட்டுக்கு வருகிறது. இறங்கும்போது ஒரு சாளரத்தில் எட்டிப் பாருங்கள், எதிர்ச் சாளரத்தில் யாரோ ஏறிக்கொண்டிருப்பார். கூப்பிடு தூரம்தான், ஆனால் நீங்கள் இருவரும் படியில் சந்திக்கவே மாட்டீர்கள்.

இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போங்கள். மேல்பகுதியில் கை உராய்வது குடைந்த தூஃபோவின் சொரசொரப்பு. கீழே போனால் செங்கல். பாறை முடிந்து களிமண் தொடங்கியதால் செங்கல் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. புத்தகத்தில் படிக்கும் நிலவியல் இங்கே விரல் நுனியில் தெரியும்.

கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்பது ஐம்பது படி இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். என்ன, ஒருவழிப் பாதை என்பதால் வாசலில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளியே வந்ததும் பக்கத்தில் எட்ருஸ்கர்களின் பெல்வெடேரே கோவிலின் அடித்தளம் கிடக்கும். ரோமர்களுக்கு முன் இந்தப் பகுதியை ஆண்டவர்கள் அவர்கள். ஐந்து நிமிடம் போதும். எதிரே அல்போர்னோஸ் கோட்டைத் தோட்டத்து மதிலிலிருந்து பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

கடைத்தெரு வழியே

இங்கிருந்து கோர்ஸோ காவூர் தெரு மெல்ல மேலேறும், பேராலயம் வரை கால் மணி, இருபது நிமிட நடை. மட்பாண்டக் கடைகளும் மரச் சிற்பக் கடைகளும் வரிசையாக வரும். தெருவின் நடுவில் மோரோ கோபுரம், உயரம் 47 மீட்டர். லிஃப்ட் பாதி வரைதான், மீதி படி. கிணற்றில் ஏறி இறங்கிய கால்களுக்கு இது கொஞ்சம் அதிகம், நேரம் குறைவென்றால் நான் முதலில் வெட்டுவது இதைத்தான்.

பல இடங்களைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கார்த்தா உனிக்கா என்ற ஒருங்கிணைந்த சீட்டைப் பற்றிக் கிணற்று வாசலிலேயே கேளுங்கள். பேராலயம், கிணறு, நிலத்தடிச் சுற்று, கோபுரம் நான்கும் பார்த்தால் லாபம். இரண்டோடு நிறுத்துவதாக இருந்தால் தனித்தனியாக வாங்குவதே மேல்.

பேராலயத்தின் உள்ளே

1263இல், பக்கத்தில் இருக்கும் பொல்சேனா ஊரில், திருப்பலி நடத்திக்கொண்டிருந்த ஒரு குருவின் கையில் இருந்த அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து துணியில் படிந்தது என்பது மரபு. அப்போது போப் நான்காம் அர்பன் ஒர்வியேட்டோவில் தங்கியிருந்தார். மறு ஆண்டு, 1264இல், இந்த ஊரிலிருந்தே நற்கருணைப் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்குமாக அறிவித்தார். அந்த விழாவுக்கான வழிபாட்டுப் பாடல்களை எழுதியவர் தாமஸ் அக்குவினாஸ் என்று சொல்லப்படுகிறது. நம்மூர்க் கோவில்களில் நற்கருணை ஆசீரின்போது தமிழில் பாடுகிறார்களே, அதன் லத்தீன் மூலமும் அவர் பெயரில் வழங்குவதுதான். அந்தத் துணி உள்ளே இடப்புறச் சிற்றாலயத்தில் இருக்கிறது.

பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1290இல். சுவர்கள் முழுக்கக் கறுப்பு பசால்ட் கல்லும் வெளிர் டிராவர்டைன் கல்லும் மாறி மாறி அடுக்கிய பட்டைகள். உள்ளே தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் வலப்புறம் இருக்கும் சான் ப்ரீஸியோ சிற்றாலயம். 1447இல் ஃப்ரா ஆஞ்செலிக்கோ கூரையில் கொஞ்சம் வரைந்துவிட்டுப் போனார். அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1499இல் லூக்கா சிஞ்ஞோரெல்லியிடம் வேலை போய், 1504க்குள் உலக முடிவின் காட்சிகள் சுவர் முழுக்க நிரம்பின.

நுழைந்ததும் இடச்சுவரில் எதிர்கிறிஸ்து பிரசங்கம் செய்யும் காட்சி. தூரத்திலிருந்து பார்த்தால் இயேசு போலவே ஒருவர் மேடையில் நிற்கிறார். கிட்டே போய்ப் பாருங்கள். பின்னாலிருந்து சாத்தான் காதில் ஓதிக்கொண்டிருக்கிறான். ஓதுவதோடு விடவில்லை, போதகரின் அங்கிக்குள்ளிருந்து வெளியே வரும் இடக்கை யாருடையது என்று பாருங்கள். அது சாத்தானின் கை போலவே தெரியும். படத்தின் இடது கீழ் மூலையில் கறுப்பு உடையில் இரண்டு பேர் நின்று இந்தக் கூத்தையெல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவர் சிஞ்ஞோரெல்லி, மற்றவர் ஃப்ரா ஆஞ்செலிக்கோ.

அடுத்து இறந்தோர் எழும் காட்சி. வெள்ளையான வெற்றுத் தரை. அதைப் பிளந்துகொண்டு மனிதர்கள், ஏதோ குளத்திலிருந்து கரையேறுவதுபோல, கையூன்றி வெளியே வருகிறார்கள். சிலருக்கு இன்னும் சதை வரவில்லை, எலும்புக்கூடாகவே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ தன் இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கு சிஞ்ஞோரெல்லியிடமிருந்து எடுத்துக்கொண்டதாக, அக்கால ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். வத்திக்கானில் சிஸ்டைன் கூடத்தைக் கூட்டத்தில் கழுத்து வலிக்கப் பார்த்தவர்களுக்கு, இங்கே கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, நெரிசல் இல்லாமல் இதைப் பார்ப்பது தனி சுகம்.

முகப்பை இப்போது மேலோட்டமாகப் பாருங்கள் போதும். அது மேற்கு பார்த்தது, காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும். அதற்கு மாலையில் வருவோம்.

பாறைக்குள்

பேராலயச் சதுக்கத்திலேயே நிலத்தடிச் சுற்றுக்கான அலுவலகம். வழிகாட்டியோடுதான் விடுவார்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றுகள் சில மட்டுமே, ஆகவே பேராலயத்துக்குள் நுழையும் முன்பே நேரம் கேட்டுச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

ஊருக்கு அடியில் 1,200க்கு மேற்பட்ட குகைகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. எட்ருஸ்கர் காலம் முதல் ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டுக்குக் கீழே தோண்டிக்கொண்டே போயிருக்கிறது. கிணறு, ஒயின் பாதாளம், எண்ணெய்ச் செக்கு என்று ஏகப்பட்டவை. என்னைக் கவர்ந்தது புறா அறை. சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாக நூற்றுக்கணக்கான மாடங்கள், பாறை விளிம்பில் வெளியே திறக்கும் ஒரு சாளரம். புறா பறந்து போய் வயலில் தானே தீனி தேடிக்கொள்ளும், திரும்பி வந்தால் குழம்புக்கு. முற்றுகையிட்டிருக்கும் எதிரி புறாவை என்ன செய்துவிட முடியும்? சில வழிகள் மிகக் குறுகலானவை, மூடிய இடங்களில் மூச்சு முட்டுபவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

சாப்பாடு

இரண்டரைக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஒரு மணிக்குள் உட்காருங்கள். உள்ளூர்ப் பாஸ்தா உம்ப்ரிச்செல்லி, கையால் உருட்டிய தடிமனான நூல். வழக்கமாக மாவும் தண்ணீரும்தான், முட்டை சேர்ப்பதில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காளான் வகையான தார்த்தூஃபோ சேர்த்ததோ, தக்காளி பூண்டு சேர்த்ததோ சரியாக இருக்கும். ராகூ என்று இருந்தால் இறைச்சி, சிங்கியாலே என்றால் காட்டுப்பன்றி. பருப்பு சூப்பில்கூடச் சிலர் பன்றிக் கொழுப்பு தாளிப்பார்கள், 'சென்சா கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று அழுத்திச் சொல்லுங்கள். நத்தை வடிவ ரொட்டியான லுமக்கெல்லா பேக்கரிகளில் ஆசையைத் தூண்டும். சீஸ் மட்டுமல்ல, பன்றி இறைச்சித் துண்டுகளும் சேர்த்துத்தான் வழக்கமாகச் சுடுவார்கள். ஊரின் பெயரிலேயே வழங்கும் வெள்ளை ஒயினுக்கு ஒரு கிளாஸ் போதும், மதியம் நடக்க வேண்டியிருக்கிறது.

பில்லில் கோப்பெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ கூட வந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அது மேசைக் கட்டணம், மெனுவில் போட்டிருப்பார்கள்.

பாறையைச் சுற்றி

இதுதான் இயற்கைப் பகுதி, பலரும் தவறவிடுவதும் இதுதான். அனெல்லோ தெல்லா ரூப்பே என்ற நடைபாதை பாறையின் அடிவாரத்தை முழுதாகச் சுற்றுகிறது, சுமார் 5 கிலோமீட்டர். முழுச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு வடக்குப் பாதி போதும். மதிய வெயிலில் அந்தப் பக்கம்தான் நிழல்.

சாப்பிட்டதும் ஊரின் மேற்கு முனைக்கு நடங்கள். அங்கே சான் ஜோவெனாலே என்ற பழைய சிறு தேவாலயம், சுவரெல்லாம் மங்கிய ஓவியங்கள். அதன் பக்கத்து மதிலில் நின்று திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, பாறையை வெட்டிக் குடைந்த மஜ்ஜோரே வாயில் வழியாக வெளியே இறங்குங்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும். பாறை உங்கள் வலப்புறம் இருக்குமாறு நடக்க வேண்டும், அவ்வளவுதான் வழி.

பாதை மண்ணும் சரளையும், சில இடங்களில் படி. செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். தலைக்கு மேலே செங்குத்துச் சுவர், அதன் விளிம்போடு விளிம்பாக வீடுகள். வெடிப்புகளில் காட்டு அத்தியும் படர்கொடியும். கோடையில் உழவாரக் குருவிகள் கூச்சலிட்டபடி சுவரை ஒட்டிப் பறக்கும். பாறையில் ஆங்காங்கே சதுர ஓட்டைகள் தெரியும், காலையில் உள்ளிருந்து பார்த்த புறாச் சாளரங்கள் போன்றவைதான். இன்னும் உற்றுப் பார்த்தால் இரும்பு ஆணிகள் அறைந்து பாறையைப் பிணைத்திருப்பதும் தெரியும். அடியில் இருக்கும் களி நகர நகர மேல் கல் உடைந்து விழத் தொடங்கியது. 1970களின் சரிவுகளுக்குப் பிறகு அரசு பெரிய அளவில் பலப்படுத்தியது.

வடக்குப் பக்கத்தில் க்ரோச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ என்ற எட்ருஸ்க இடுகாட்டுக்கு ஒரு கிளைப்பாதை இறங்கும். இது கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல்லறைகள் என்றதும் மேடு பள்ளமாகக் கற்பனை செய்யாதீர்கள். நேர் கோட்டில் தெருக்கள், இருபுறமும் வீடுகள் போல அறைகள், ஒவ்வொரு வாசலின் மேல்கல்லிலும் உரிமைக்காரக் குடும்பத்தின் பெயர், வலமிருந்து இடமாகப் பொறித்தது. குனிந்து உள்ளே போனால் சடலம் கிடத்திய கல் திண்ணைகளைப் பார்க்கலாம். எந்தக் கிழமை திறப்பு என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மேலும் கிழக்கே நடந்தால் பாதை காஹென் சதுக்கத்திற்கே ஏறும். தண்ணீர் ஒரு லிட்டராவது கையில் வேண்டும். ஊருக்குள் இருக்கும் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, நிரப்பிக்கொண்டே இறங்குங்கள். மழை பெய்த மறுநாள் களி வழுக்கும், அன்று இந்த நடையை விட்டுவிட்டு நிலத்தடிச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாலையில் முகப்பு

இப்போது சிற்றுந்தில் ஏறிப் பேராலயத்துக்குத் திரும்புங்கள். சாயும் வெயில் முகப்பின் பொன்னிற மொசைக்குகளில் நேராக விழும் நேரம். ஆனால் மொசைக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் மாற்றியவை. கீழே நான்கு அகன்ற தூண்களில் இருக்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள்தான் பழையவை. 1310 முதல் இந்த வேலையை நடத்தியவர் லொரென்ஸோ மைத்தானி. இடக்கோடித் தூணில் உலகப் படைப்பு. தூங்கும் ஆதாமின் விலாவைக் கடவுள் திறக்க, அடுத்த காட்சியில் ஏவாள் எழுகிறாள். வலக்கோடித் தூணில் தீர்ப்பு நாள், அடியில் நரகம், ஒருவரை ஒருவர் கடித்து இழுக்கும் கும்பல். எதிரே கல் திண்ணை இருக்கிறது, ஒரு ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.

இறங்கும் முன் கடைசி ஃபுனிகோலாரே நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். ரயில் நேரத்துக்கு அரை மணி முன்பே மேலிருந்து கிளம்புவது நல்லது.

இன்னும் ஆசை இருந்தால்: சிவிதா

காலை ஆறரைக்கே எழுபவர்களுக்கு, அல்லது ஒர்வியேட்டோவில் இரவு தங்குபவர்களுக்கு, சிவிதா தி பான்யோரேஜ்ஜோவையும் சேர்க்கலாம். அதே வெடிப்பில் உருவான அதே கல். ஆனால் அங்கே பாறை சிறியது, சுற்றியுள்ள களிமண் வேகமாக அரிக்கப்படுகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் பக்கத்து மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். புனித பொனவெந்தூரா இந்த ஊரில் பிறந்தவர், அவர் பிறந்த வீடே சரிந்து போய்விட்டது. இன்று நிலையாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. உள்ளே போக ஒரே வழி 1965இல் கட்டிய நீளமான நடைபாலம், நுழைவுக் கட்டணமும் உண்டு. கடைசிப் பகுதி செங்குத்தாக ஏறும், முதியவர்கள் பாலத்துக்கு இப்பால் இருக்கும் பெல்வெடேரே முனையிலிருந்து பார்த்தாலே போதும். அங்கிருந்துதான் கலாங்கி எனப்படும், கத்தி விளிம்பு போல அரித்த சாம்பல்நிறக் களிமேடுகளும் நன்றாகத் தெரியும்.

கோத்ரால் நிறுவனத்தின் பேருந்து ஒர்வியேட்டோவிலிருந்து பான்யோரேஜ்ஜோ வரை போகிறது, ஒரு மணி நேரத்துக்குள் சேரலாம். நாளுக்குச் சில முறைதான், ஞாயிறன்று இல்லை. இறங்கிப் பாலத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். இதைச் சேர்த்தால் நிலத்தடிச் சுற்றையும் பாறை நடையையும் விட வேண்டியிருக்கும். ஒரே நாள்தான் கையில் என்றால் நான் ஒர்வியேட்டோவோடு நிற்பேன். அங்கே போவதென்று முடிவு செய்துவிட்டால், திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் அட்டவணை மாறும்.